26 வயது, ஐந்தாவது ஊர். அடுத்து எங்கே என்று தெரியவில்லை

பொதிகைக் காற்று
ஞாயிறு, இரவு 11.40

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

எனக்கு 26 வயது. சொந்த ஊர் திருநெல்வேலிக்கு மேற்கே. கோவையில் மெக்கானிக்கல் படித்தேன். படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை. சென்னையில் ஒன்றரை வருஷம் சாப்ட்வேர் டெஸ்டிங், அப்புறம் பெங்களூரில் ஒரு வருஷம், புனேயில் எட்டு மாதம். ஒவ்வோர் ஊரிலும் முதல் இரண்டு மாதம் சந்தோஷமாக இருப்பேன். புது டீக்கடை, புது பஸ் நம்பர், யாருக்கும் என்னைத் தெரியாத தெரு. எல்லாம் பழகி, கடைக்காரர் கேட்காமலே எனக்கு டீ போட ஆரம்பிக்கும்போது கால் பரபரக்கும். மற்றவர்களுக்கு ஓர் ஊர் சொந்தமாகத் தொடங்கும் அந்த இடத்தில் நான் பெட்டியைக் கட்டுகிறேன்.

போன ஜூனில் வேலையை விட்டேன். கையில் 2,40,000 ரூபாய் இருந்தது. ஜூலையும் ஆகஸ்டும் லடாக்கில் கழிந்தன. லே நகருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஒரு குடும்பம் நடத்தும் விடுதியில் காலை வேலைகளைச் செய்துகொடுத்தேன். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். செப்டம்பரில் இமாச்சலத்தில் ஸ்பிதி. தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன். நவம்பர் கடைசியில் கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறினேன். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஸ்லீப்பரில். பாலக்காடு தாண்டியதும் பெட்டிக்குள் மலையாளம் குறைந்து தமிழ் வந்தது. ரேணிகுண்டாவில் தெலுங்கு, பிரம்மபூரில் ஒடியா, அப்புறம் வங்காளம், அசாமியம். கீழே இத்தனை மொழி மாறியும் மேல்பெர்த்தில் படுத்திருந்த நான் மாறவில்லை. ரயில் ஓடும்வரை நிம்மதியாக இருந்தது. எங்காவது வெகுநேரம் நின்றால் நெஞ்சு படபடத்தது. இறங்கும் இடம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது என்பது அந்த ரயிலில்தான் புரிந்தது.

ஜோர்ஹாட் பக்கம் நிமாத்தி படித்துறையிலிருந்து படகில் மாஜுலி போனேன். பிரம்மபுத்திராவுக்கு நடுவில் இருக்கும் தீவு. மிசிங் பழங்குடி மக்கள் கால் நட்டு உயர்த்திக் கட்டும் மூங்கில் வீட்டில் தங்கினேன். அந்த வீட்டுப் பெரியவர் ஏழு முறை வீட்டைப் பிரித்து வேறிடத்தில் கட்டியிருக்கிறார். ஆறு கரையை அரித்துக்கொண்டே வருவதுதான் காரணம். நீ எத்தனை முறை மாறினாய் என்று என்னிடம் கேட்டார். நாலு என்றேன். உங்கள் ஊரிலும் ஆறு இருக்கிறதா என்றார். இருக்கிறது, ஆனால் அது என்னைத் துரத்தவில்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அப்படியானால் யார் துரத்துகிறார்கள் என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

பிப்ரவரியிலிருந்து வேளச்சேரியில் நண்பன் அறையில் இருக்கிறேன். கையில் 31,000 ரூபாய் இருக்கிறது. போன வாரம் ஒரு நேர்முகத் தேர்வில் இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். போன ஊர்களைச் சொன்னேன். ஊர்கள் சரி, என்ன செய்தீர்கள் என்று திரும்பவும் கேட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிக் கேட்டால் ஆபீஸ் வேலையாக வடக்கே போயிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அக்கா தீபாவளியன்று, "நீ வந்தால் விருந்தாளி வந்த மாதிரியே இருக்கிறது, நல்ல தட்டைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது" என்றாள்.

பயணம் போனதற்கு வருத்தமில்லை. ஆனால் திசை கிடைக்கும் என்று நினைத்துப் போனேன், இடங்கள்தான் கிடைத்தன. இந்த நிலையைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்
திங்கள், காலை 7.15

தம்பி, எனக்கு 41. புனே, சிங்கப்பூர், மறுபடி சென்னை என்று நானும் சுற்றியவன். மனசைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் பணத்தைச் சொல்கிறேன்.

மூன்று வேலை மாறியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் பிஎஃப் பணத்தை எடுத்துவிட்டீர்களா, அல்லது அடுத்த கணக்குக்கு மாற்றினீர்களா? ஐந்து வருஷச் சேவை முடியுமுன் எடுத்தால் வரி உண்டு. பத்து வருஷம் சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதியும் வரும். 26 வயதில் இது பெரிதாகத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. 31,000 ரூபாய் சென்னையில் இரண்டு மாதம் தாங்காது. முதலில் ஒரு வேலையில் சேருங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால்தான் திசையைப் பற்றி நிதானமாக யோசிக்க முடியும். கையில் ஒன்றும் இல்லாதபோது எடுக்கும் முடிவைப் பயம்தான் எடுக்கிறது.

மூன்று வருஷக் கணக்கு
திங்கள், காலை 10.02

நான் காரைக்குடிப் பக்கம். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 14 வயதில் ரங்கூனுக்குப் போனார். வெளிதேசத் தொழிலுக்குப் போவதை எங்கள் ஊரில் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாவதுதான் வழி. ஒரு தவணை மூன்று வருஷம். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வர வேண்டும். கொஞ்ச காலம் வீடு, கல்யாணம், கோயில் காரியம், அப்புறம் அடுத்த தவணை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது ஐயா காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார். அந்த நடையைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊர் விட்டு ஊர் போவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. அந்தப் போக்குக்கு ஒரு தவணை இருந்தது, திரும்பிவந்து கணக்குச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். உங்கள் பயணத்தில் அது இரண்டும் இல்லை. தேர்வில் உங்களைக் கேட்டவர்கள் கேட்டதும் கணக்குத்தான். அதை நீங்களே உங்களுக்கு எழுதிப் பாருங்கள்: எட்டு மாதத்தில் என்ன வரவு?

இரண்டாம் ஷிப்ட்
திங்கள், மாலை 4.48

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது 24. சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம். நான்கு வருஷத்தில் மூன்று ஹாஸ்டல் மாறியிருக்கிறேன். ஓர் அறையில் ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஷிப்ட். இதையும் ஊர் மாறுவது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் எங்களைப் பார்த்து யாரும் தேடல் என்று சொல்வதில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள் அண்ணா. உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். 2,40,000 ரூபாய் சேர்ந்தால் எனக்கு அது தங்கை படிப்பு. வேலையை விட்டால் அடுத்த நாளே ஹாஸ்டல் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். நானும் ஒரு முறை தனியாகப் போயிருக்கிறேன், ராமேஸ்வரம். ஒரு நாள் லீவு, வீட்டில் சொல்லவில்லை. தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஒரு மணி நேரத்தை வைத்து ஒரு வருஷம் ஓட்டினேன். உங்களுக்கு எட்டு மாதம் கிடைத்திருக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. கிடைத்திருக்கும். நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

பொதிகைக் காற்று
திங்கள், இரவு 9.30

கணக்கர் அண்ணா, முதல் வேலையின் பிஎஃப் பணத்தை எடுத்துவிட்டேன். மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன. இந்த வாரமே ஒன்றாக மாற்றுகிறேன்.

இரண்டாம் ஷிப்ட், நீங்கள் எழுதியது சரி. எனக்கு வீட்டுப் பொறுப்பு இல்லை. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், அக்காவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அந்தச் சௌகரியத்தில்தான் இவ்வளவும் நடந்தது. அதை என் பதிவில் சொல்லாமல் விட்டது தப்பு.

கணக்கர்
திங்கள், இரவு 10.05

மூன்று வருஷக் கணக்கு சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அந்தக் காலத் தவணை முறையை அழகாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் 14 வயதுப் பையனை யார் கேட்டுக்கொண்டு கப்பல் ஏற்றினார்கள்? வீட்டில் முடிவு செய்தார்கள், போனார். ஆச்சிமார் மூன்று மூன்று வருஷமாகக் காத்திருந்தார்கள். இந்தத் தம்பிக்கு இருக்கும் குழப்பம், முடிவு தன் கையில் இருப்பதால் வரும் குழப்பம். அதற்குப் பழைய தவணை மருந்தாகாது.

மூன்று வருஷக் கணக்கு
செவ்வாய், காலை 6.40

ஆச்சிமார் காத்திருந்தது உண்மை. எங்கள் அப்பத்தா அப்படிக் காத்திருந்தவர்தான், அதை நான் மறைக்க மாட்டேன். சரி, தானே முடிவெடுத்துப் போன ஒருவரைச் சொல்கிறேன். கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார், 1911-ல் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோ தொழில் படித்தார். 1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தபோது, காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கும் 26 வயதுதான், அதுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகு காந்தி படம்பிடிக்கப்பட்ட துண்டுகளைத் தேடி நாடு நாடாக அலைந்தார். 1940-ல் படம் வெளிவந்தது.

கப்பலில் அவருக்கு யோசனை வந்ததைவிட, அப்போது கையில் கேமரா தொழில் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தொழில் தெரியாதவருக்கு அதே கப்பலில் அதே யோசனை வந்திருந்தால் டப்ளினில் இறங்கியதும் மறந்திருப்பார். தம்பி, உங்கள் கையில் என்ன இருக்கிறது?

வலிகாமம்
செவ்வாய், காலை 8.20

டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். 1995 அக்டோபர் 30 இரவு கொக்குவிலில் இருந்து வெளிக்கிட்டோம். எனக்கு 11 வயது. யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஒரே பாதையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தி அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். பிறகு வன்னி, பிறகு கொழும்பு, 2002 இல் கனடா. இங்கே வந்தும் ஸ்காபரோவிலேயே ஆறு வீடு மாறினோம்.

எனக்கு வாய்த்தது இடப்பெயர்வு, உங்களுக்கு வாய்த்தது பயணம், ஆகவே உங்கள் அந்தரம் பெரிதில்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஆறாவது வீட்டுக்கு வந்த ஆண்டு ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கினேன். இங்கே குளிருக்கு அது வெளியில் நிற்காது. ஒக்டோபர் தொடங்கும்போது உள்ளே எடுக்க வேண்டும், யன்னலோரம் வைக்க வேண்டும், மே கடைசியில் மெதுவாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். எட்டு ஆண்டுகளாக அது இருக்கிறது. அந்தக் கன்று வந்த பிறகுதான் இந்த ஊரின் காலநிலை எனக்கு மனப்பாடமானது. தம்பி, நீங்கள் போன எந்த ஊரிலாவது நான்கு பருவத்தையும் பார்த்தீர்களா?

பொதிகைக் காற்று
செவ்வாய், காலை 9.10

இல்லை அண்ணா. பெங்களூரில் ஒரு வருஷம் இருந்தேன், ஆனால் அங்கே எந்த மாதம் என்ன பூக்கும் என்று கேட்டால் தெரியாது. லடாக்கில் குளிர்காலத்தைப் பார்க்கவில்லை. மாஜுலியில் வெள்ளத்தைப் பார்க்கவில்லை. எல்லா ஊரையும் அது நன்றாக இருக்கும் மாதத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் ஷிப்ட்
செவ்வாய், இரவு 11.55

இப்போதுதான் ஷிப்ட் முடிந்தது. கையில் என்ன இருக்கிறது என்று காரைக்குடி ஐயா கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் போனில் இருக்கும் படங்களைத் திறந்து பாருங்கள் அண்ணா. நீங்கள் நிற்கும் படம், மலை, சூரியன், சாப்பாடு எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். யாருக்கும் அனுப்பாத, எங்கும் போடாத படங்கள் இருக்கும் இல்லையா, அது என்னென்ன என்று பாருங்கள். என் போனில் முழுக்க மெஷின் படமாக இருக்கும். எந்த இடத்தில் பாகம் சிக்குகிறது என்று எடுத்து வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே தெரிந்துகொள்ளப் பிடிக்கும். அதை வைத்துத்தான் இப்போது பகுதி நேர டிப்ளமாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

பொதிகைக் காற்று
சனி, மாலை 6.30

நான்கு நாளாக எழுதாததற்கு மன்னிக்கவும். இரண்டாம் ஷிப்ட் சொன்னதைச் செய்தேன். மொத்தம் 3,100 படங்கள். அவர் தள்ளச் சொன்னதையெல்லாம் தள்ளியதும் நானூற்றுச் சொச்சம் மிஞ்சியது. பார்த்துக்கொண்டே போகும்போது கை நடுங்கியது. முக்கால்வாசி வாய்க்கால்.

லடாக்கில் நான் இருந்த கிராமத்தில் மழை என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலே பனி உருகி வரும் தண்ணீரை மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிறார்கள், அதற்கு யுரா என்று பெயர். இரவில் வரும் தண்ணீர் வீணாகாமல் தேக்க ஊருக்கு மேலே சின்னக் குளம், அதற்கு ஸிங் என்று பெயர். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்க்க ஊரே ஒருவரை அமர்த்துகிறது, அவர் சுர்போன். மண்கட்டியும் பழைய துணியும் வைத்து ஒரு கிளையை அடைப்பார், இன்னொன்றைத் திறப்பார். இவ்வளவுதான் வேலை, ஆனால் பார்லி விளைவதும் விளையாததும் அவர் கையில் இருந்தது. விடுதி வேலை முடிந்ததும் தினமும் சாயங்காலம் அவர் பின்னாலேயே போயிருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. நேர்முகத் தேர்விலும் சொல்லவில்லை.

ஸ்பிதியில் அதே மாதிரி வாய்க்காலுக்குக் குல் என்று பெயர், அதில் அறுபது படம். மாஜுலியில் கரையை அரிக்காமலிருக்கப் போட்டிருக்கும் தடுப்புகளாக எடுத்திருக்கிறேன். பெங்களூரில் பெல்லந்தூர் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி. போன மாதம் வேளச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியின் கலங்கல், அதாவது நிறைந்த தண்ணீர் வழியும் இடம், எங்கே இருக்கிறது என்று வெயிலில் தேடி அலைந்திருக்கிறேன். நண்பன் ஏன் என்று கேட்டதற்குச் சும்மா என்று சொன்ன ஞாபகம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. என் ஊர் வீரவநல்லூர். எங்கள் தெருவுக்குப் பின்னால் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. அதில்தான் நீச்சல் பழகினேன். நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய் எவர் ஊர் மடையையோ படம் எடுத்திருக்கிறேன். இந்தக் கால்வாயில் ஒரு படம்கூட இல்லை.

இரண்டாம் ஷிப்ட்
சனி, இரவு 8.15

அண்ணா, சுர்போன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அழுதுவிட்டேன். எங்கள் தாத்தா கண்மாயில் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, முறை வைத்து வயலுக்கு வயல் பாய்ச்சுவது எல்லாம் அவர்தான். இரவு இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போவார். அறுவடையானதும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். வரத்துக்கால் மூடிப் போய்க் கண்மாய்க்குத் தண்ணீர் வருவது நின்றது, அந்த வேலையும் போனது. அப்பா கட்டட வேலைக்குப் போனார், நான் இங்கே வந்தேன். நான் ஏன் ஊர் மாறினேன் என்று இதுவரை அந்தக் கண்மாயோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

கணக்கர்
சனி, இரவு 8.50

இரண்டு பதிவையும் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆனாலும் நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். வாய்க்கால் மேல் ஆசை என்பது சரி தம்பி. சோறு?

பொதிகைக் காற்று
சனி, இரவு 9.40

பழைய மேலாளர் ஒருவர் ஆறு மாத ஒப்பந்தத்தில் டெஸ்டிங் வேலை தருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். வீட்டிலிருந்தே செய்யலாம், சம்பளம் புனேயில் வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நேற்று ஒப்புக்கொண்டேன். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். வாய்க்காலை வைத்து என்ன செய்வேன் என்று தெரியாது. ஜூன் முதல் மே வரை ஒரு முழு வருஷம் அங்கே இருப்பது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். வலிகாமம் அண்ணா கேட்ட கேள்விதான் காரணம்.

சேரன்மாதேவிக்காரர்
ஞாயிறு, காலை 5.30

தம்பி, இந்த இழையை என் மகள்தான் படித்துக் காட்டினாள். எனக்கு 71. கன்னடியன் பாசனத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறேன். கொஞ்சம் சொல்லலாமா?

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் இருப்பது மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் பழசு. நம் கால்வாய் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரிந்து வெள்ளாங்குளி, வீரவநல்லூர், சேரன்மாதேவி, பத்தமடை என்று வருகிறது. பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது.

கன்னடியன் என்ற பெயர் எப்படி வந்தது என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் கேளுங்கள். கன்னட தேசத்திலிருந்து ஒரு பிரம்மச்சாரி இளைஞர் இந்தப் பக்கம் வந்தார். சேர ராஜாவின் நோயைத் தான் வாங்கிக்கொண்டு, அதற்குக் கூலியாகப் பொன்னும் மணியும் நிறைந்த ஒரு பொம்மையைப் பெற்றார். அந்தச் செல்வத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அகத்தியரைத் தேடிப் போய்க் கேட்டார். ஒரு பசு வரும், அதன் பின்னால் போ, அது நடக்கும் வழியில் கால்வாய் வெட்டு, படுக்கும் இடத்தில் குளம் தோண்டு, கோமியம் விடும் இடத்தில் மடை வை என்று அகத்தியர் சொன்னாராம். அப்படியே செய்தார். பத்து மடை இருந்ததால்தான் பத்தமடை என்றும் சொல்வார்கள். இதெல்லாம் எங்கள் பாட்டி சொன்ன கதை, சரித்திரம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கதையில் அந்த இளைஞருக்குப் பெயரே இல்லை, கவனித்தீர்களா? எங்கிருந்து வந்தார் என்பது மட்டும் கால்வாயின் பெயராக நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கால்வாய்க்குத் தண்ணீரை இப்போது நிறுத்தியிருக்கிறார்கள். கார் பருவ நெல்லுக்கு ஜூன் 1-ஐ ஒட்டித்தான் திறப்பார்கள். அதற்குள் வந்தால் உள்ளே இறங்கியே நடக்கலாம். கரைமேல் போனால் ஆகாயத்தாமரையும் குப்பையும்தான் தெரியும். உள்ளே இறங்கினால் எந்த மடையில் கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே சாக்கடை கலக்கிறது என்று எல்லாம் தெரியும். வெள்ளாங்குளியில் புதிய வெள்ளநீர்க் கால்வாய் பிரிகிறது, எழுபத்தைந்து கிலோமீட்டர் தாண்டி எம்.எல். தேரி என்னும் செம்மணல் காடு வரை போகிறது, அதையும் பாருங்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி பத்து மணிக்குள் ஏறிவிட வேண்டும், வெயில் தாங்காது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், கண்ணாடித் துண்டு கிடக்கும்.

ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடக்கும். 2011-லிருந்து நடக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம். அப்போது பிசானப் பருவ நெல் நடவு முடிந்து ஊரே பச்சையாக இருக்கும். அதுவரை இருங்கள்.

பொதிகைக் காற்று
ஞாயிறு, காலை 7.05

ஐயா, அந்தக் கதை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு இப்போது போன் செய்து கேட்டேன். அவளுக்கு முழுதாகத் தெரிந்திருக்கிறது. நான் கேட்டதே இல்லையே என்றாள்.

பொதிகைக் காற்று
அடுத்த ஞாயிறு, பகல் 12.20

வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன். நேற்றும் இன்றும் நடந்தேன். சேரன்மாதேவி ஐயா சொன்ன மாதிரியே அணைக்கட்டில் இறங்கிக் கீழ்நோக்கி வந்தேன். நேற்று வெள்ளாங்குளி வரை, இன்று எங்கள் ஊர் வரை.

அணைக்கட்டுப் பக்கம் கல் எல்லாம் பெரிசு பெரிசாக, வழவழப்பாக இருக்கிறது. முதல் இரண்டு மடைக்கும் இரும்புக் கதவு நன்றாக இருந்தது. மூன்றாவதில் கதவு இல்லை. மண்மூட்டையும் பழைய சேலையும் வைத்து அடைத்திருந்தார்கள். லடாக்கில் பார்த்த அதே அடைப்பு. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியம்மா, யாருடே நீ, யார் வீட்டுப் பையன் என்று கேட்டார். மளிகைக்கடைக்காரர் பையன் என்றேன். எட்டு மாதமாக எல்லா ஊரிலும் எந்த ஊர் என்று கேட்டார்கள், யார் வீடு என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் ஷிப்ட், இந்த முறை எடுத்த படங்களை வரிசையாகப் பெயர் போட்டு வைக்கிறேன். உங்கள் தாத்தா கண்மாயின் பெயரைச் சொல்லுங்கள், உங்களுக்கு அடுத்த லீவு எப்போது என்றும் சொல்லுங்கள். வரத்துக்கால் எங்கே மூடியிருக்கிறது என்று நடந்து பார்த்துவிடலாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கணக்கர் அண்ணா, பிஎஃப் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

அந்த மூன்றாவது மடைக்கு ஒரு பெயர் இருக்கும் என்று பெரியம்மா சொன்னார், அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவருடைய கொழுந்தனாருக்குத் தெரியுமாம். நாளைக் காலை ஆறு மணிக்கு அதே இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்.